சூரரமகளிரின் மலை

மாயக்கதைகள் சிறாரை உண்மையுலகிலிருந்து விலக்கிவிடும் என்பார் உளர். இயற்கையின்பால் அன்பு கொள்ளச் செய்வதற்கு அவற்றினும் சிறந்த வாயில் இல்லை என்பாரும் உளர். இளம் மந்திரக்காரியரும் அவர்தம் நட்பும் காடு காக்கும் துணிவும் நிறைந்த கதைகள் உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படும் இந்நாளில், அத்தகைய கதைகளின் பயன் யாது என்னும் வினாவை ஏலமலைச் சரிவில் நின்று ஆராய்கிறது இக்கட்டுரை.

மெட்டுக்குச் செல்லும் பாதை

போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றை நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, மாவும் இலவமும் நிற்கும் அடிவாரத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு வளைவிலும் வெப்பம் சிறிது குறைகிறது. போடிமெட்டை அடையும்போது மூடுபனி சாலையின் குறுக்கே நகர்கிறது. அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன.

விடியற்காலையில் இச்சாலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. அவற்றில் செல்வோர் தோட்டத் தொழிலாளர். அவர்களுள் மிகப் பலர் பெண்கள். அவர்கள் பறித்த காய்கள் உலர்த்தப்பட்டுப் போடிக்கு வந்து, நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மையத்தில் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகின்றன. ஊர்த்தெருக்களில் அம்மணம் எப்போதும் வீசிக்கொண்டிருக்கிறது.

இத்தெருவில் வளரும் சிறுமி ஒருத்தி, பள்ளி நூலகத்தில் மாயக்கதை ஒன்றை எடுத்துப் படிக்கிறாள் எனக் கொள்வோம். அதில் இளம் மந்திரக்காரியர் துடைப்பத்தின்மீது ஏறிப் பறக்கின்றனர். அவர்களுக்குக் கீழே பனி படர்ந்த ஊசியிலைக் காடு இருக்கிறது. கதை அவளை ஈர்க்கிறது. படித்து முடித்து நிமிரும்போது அவள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே மேற்கு மலை நிற்கிறது. அம்மலையில் எதுவும் நிகழாது என்று அவள் எண்ணிவிடுகிறாள். மாயம் தொலைநாட்டுக்கு உரியது, தன் மலை காய் பறிக்கும் இடம் மட்டுமே என்னும் எண்ணம் அவளுள் வேர்விடுகிறது. இவ்வெண்ணம் மலைக்கும் கேடு, சிறுமிக்கும் கேடு. மாயக்கதை வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. அவளுடைய மலையிலிருந்தே மாயக்கதை பிறக்க வேண்டும் என்பதே தீர்வு.

அச்சம் ஊட்டிய சொல்

கிரிம் உடன்பிறந்தார் 1812-இல் வெளியிடத் தொடங்கிய கதைத்தொகுப்பில், காட்டின் நடுவே வாழும் முதியவள் ஒருத்தி வழிதவறி வந்த குழந்தைகளைத் தின்ன முயல்கிறாள். இத்தகைய ஐரோப்பியக் கதைகள் தமிழுக்கு வந்தபோது அவளுக்குச் 'சூனியக்காரி' என்னும் பெயர் வழங்கப்பட்டது. ஏற்கெனவே அச்சம் ஏறியிருந்த அச்சொல்லில், காட்டில் தனித்து வாழும் பெண் கொடியவள், காடே கொடியது என்னும் இரு கருத்துகளும் சேர்ந்துகொண்டன.

கதையோடு நின்றிருந்தால் தீங்கு குறைவு. அச்சொல் மாந்தர் உயிரையும் குடித்திருக்கிறது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 வரை இருப்பர் என்று வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். இந்தியாவிலும் இக்கொடுமை இன்னும் மறையவில்லை. பீகார் 1999-இலும் ஒடிசா 2013-இலும் இதனைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அசாமில் பிருபாலா ராபா என்னும் பெண்மணி, சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் காப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆகவே, இளம் மந்திரக்காரியரைப் பற்றிச் சிறாருக்குக் கதை எழுதுவோர் விளையாட்டான பொருளைக் கையாள்வதாக எண்ணலாகாது. காட்டை அறிந்த பெண்ணை அஞ்சத்தக்கவளாகக் காட்டுவதா, போற்றத்தக்கவளாகக் காட்டுவதா என்பது எழுத்தாளரின் பொறுப்பைச் சார்ந்தது. தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. அச்சொல்லுக்கு மிக முன்பே தமிழ்மலைகளில் வேறு மகளிர் வாழ்ந்தனர்.

சூரரமகளிரும் தோழியும்

பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் சூரரமகளிரைக் காட்டுகிறார். அவர்கள் மலைச்சோலையில் வாழும் தெய்வப்பெண்டிர். பூவும் தளிரும் சூடுகின்றனர். விளாமரத்தின் இளந்தளிரைக் கிள்ளி ஒருவர்மேல் ஒருவர் தெறித்து விளையாடுகின்றனர். மலையெங்கும் எதிரொலிக்க ஒன்றுகூடிப் பாடி ஆடுகின்றனர். அவர்களுள் எவளும் தனித்து நிற்கவில்லை. குழந்தையைத் தின்னவும் இல்லை. மாந்தர் நுழையுமுன் நின்று எண்ணவேண்டிய இடம் அது என்பதை அவர்களின் இருப்பு உணர்த்துகிறது.

மலைமுகட்டிலும் சுனையிலும் அணங்கு உறையும் என்பது சங்கப் புலவர் பலர் பாடிய செய்தி. இந்நம்பிக்கையின் தொடர்ச்சியை இன்றும் தென்தமிழகத்தில் காணலாம். ஓடைக்கரையிலும் குளக்கரையிலும் ஏழு கற்களை நட்டுக் கன்னிமாரை வழிபடும் வழக்கம் உள்ளது. ஏழு இளம்பெண்கள் ஒன்றாக இருந்து நீரைக் காக்கிறார்கள் என்னும் கற்பனை, எந்த நாட்டுச் சிறார் கதைக்கும் குறைந்ததன்று.

தெய்வ மகளிரை விடுத்து மானிட மகளிரைப் பார்த்தாலும் குறிஞ்சி நிலம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரண்மீது இருந்து தினைப்புனம் காக்கின்றனர். அருவியில் ஆடுகின்றனர். பின்னர் மலையெங்கும் திரிந்து பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கின்றனர். அப்பூக்கள் தொண்ணூற்றொன்பதன் பெயர்களை அப்பாட்டு அடுக்கிச் சொல்கிறது. சொல்பவள் தோழி. தன் தலைவிக்காகச் செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கும் துணிவும் அவளுடையதே.

காட்டை அறிதல், காவல் செய்தல், நட்பிற்காகத் துணிந்து பேசுதல் ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் அமைந்துள்ளன. இளம் மந்திரக்காரியர் கதை ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகள் இவையே.

மந்திரத்திற்கு எல்லை வேண்டும்

எல்லா மாயக்கதையும் நன்மை பயப்பதில்லை. கோலை அசைத்தவுடன் பட்ட மரம் தளிர்க்கும், வறண்ட ஆறு ஓடும் என்று முடியும் கதை சிறாரை ஏமாற்றுகிறது. எவ்வளவு அழித்தாலும் யாரேனும் ஒருவர் வந்து நொடியில் மீட்டுத் தந்துவிடுவார் என்னும் பொய்யை அது விதைக்கிறது.

சிறந்த எழுத்தாளர் இதனை அறிவர். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968-இல் வெளியிட்ட 'எர்த்சீ' வரிசையின் முதற்கதையில், ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் மந்திர ஆற்றல் உண்டு. எனவே மாணாக்கர் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். மேலும், எந்த மந்திரமும் உலகின் சமநிலையைச் சிறிதேனும் அசைக்கும் என்பதால் ஆசான்கள் அதனை எளிதில் பயன்படுத்துவதில்லை. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அறிந்த குறிஞ்சிப்பாட்டுத் தோழி அப்பள்ளியில் தலைமாணாக்கியாக இருந்திருப்பாள்.

சப்பானிய எழுத்தாளர் எய்கோ கடோனோ 1985-இல் படைத்த கிகி என்னும் இளம் மந்திரக்காரி பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, அறியாத ஊரில் பொருள்களை எடுத்துச் சென்று கொடுக்கும் வேலை செய்து பிழைக்கிறாள். அக்கதையை ஹயாவோ மியாசாகி 1989-இல் திரைப்படமாக்கினார். அப்படத்தில் கிகி ஒரு கட்டத்தில் பறக்கும் ஆற்றலை இழக்கிறாள். இடரில் சிக்கிய நண்பனைக் காக்க முனையும்போது அவ்வாற்றல் அவளிடம் திரும்புகிறது. மந்திரம் குறையும்போதும் குன்றாதது நட்பு என்பதை இளையோர் அங்கே கற்கின்றனர்.

போடியின் மலைகளுக்கு இந்த எல்லை நன்கு தெரியும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. உலர்ந்த புல்வெளியில் காற்றோடு விரைந்த தீயில் மலையேற்றத்திற்கு வந்திருந்த இளையோர் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாளில் எந்த மந்திரக்கோலும் வரவில்லை. அடிவாரத்து மக்களும் மீட்புப் பணியினரும் இருளில் மலையேறித் தோளிலும் துணித்தொட்டிலிலும் காயமுற்றோரைச் சுமந்து இறங்கினர். இம்மலையைப் பற்றி எழுதப்படும் எந்த மாயக்கதையும் அந்நிகழ்வை மறந்துவிட்டு எழுதப்படலாகாது. தீ எப்படிப் பரவும், கோடையில் எப்பாதையில் போகலாகாது, காற்றின் திசையை எப்படி அறிவது என்பவற்றைக் கதைமாந்தர் கற்றிருக்க வேண்டும். இவற்றை அறிந்தவளே அக்கதையின் மந்திரக்காரி.

மலையின் உண்மை மாயங்கள்

கற்பனைக்குப் பஞ்சம் வந்தால் எழுத்தாளர் மலையையே பார்க்கலாம். ஏலச்செடியின் பூ உயரத்தில் பூப்பதில்லை. செடியின் அடியிலிருந்து தரையோடு நீளும் தண்டில், ஊதாக் கோடுகள் கொண்ட வெண்ணிறப் பூவாக மலர்கிறது. அதிகாலையில் விரியும் அப்பூவிற்கு வாழ்நாள் ஏறத்தாழ ஒருநாளே. அதற்குள் தேனீ ஒன்று வந்து மகரந்தம் சேர்த்தால்தான் அது காயாகும். உலகச் சந்தையில் விலைபோகும் பெருஞ்செல்வம், அந்தக் காலைப்பொழுதில் ஒரு சிறு பூச்சி வருவதையே நம்பி இருக்கிறது.

அத்தேனீ வாழக் காடு வேண்டும். ஏலச்செடிக்கோ நிழல் வேண்டும். நிழலுக்காக நிற்கும் பலா முதலிய பெருமரங்களை மிகுதியாகக் கழித்தால் செடி வாடுகிறது, மண் உலர்கிறது. பூச்சிக்கொல்லியை அளவின்றித் தெளித்தால் தீமை செய்யும் பூச்சியோடு தேனீயும் மடிகிறது. தேனீயும் நிழலும் ஏலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நண்பர்கள். ஒன்றை வீழ்த்தி மற்றொன்றை வாழவைக்க இயலாது.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கவேண்டும். ஒரு மலைச்சரிவு முழுதும் ஆண்டுகளை எண்ணிக் காத்திருந்து ஒன்றாக நீலமாவதை விஞ்சும் மாயம் எக்கதையில் உண்டு? மேற்குத்தொடர்ச்சி மலையின் இருவாச்சிப் பறவை முட்டையிடும் காலத்தில், பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவின் வழியே ஆண்பறவை பல வாரங்கள் உணவூட்டுகிறது. அப்பறவை விழுங்கிய பழங்களின் விதைகள் காடெங்கும் விழுந்து மரங்களாகின்றன. இச்செய்திகளைக் கதையாகக் கேட்ட சிறுவன், பொந்துள்ள முதுமரத்தை வெறும் விறகாகப் பார்க்கமாட்டான்.

எழுதப்பட வேண்டிய கதை

இனி, போடிமெட்டுச் சரிவில் நிகழும் கதை ஒன்றைக் கற்பனை செய்யலாம். அதில் மூன்று சிறுமியர் வருகின்றனர். ஒருத்தி பளியர் குடியைச் சேர்ந்தவள். தேனின் இருப்பிடத்தையும் கிழங்கின் பருவத்தையும் அறிந்தவள். மற்றொருத்தியின் தாய் நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்குச் செல்பவள். எந்தக் காய் இன்று பறிக்கத்தக்கது, எது இன்னும் சில நாள் நிற்கவேண்டும் என்பதைத் தொட்டறியும் திறனைத் தாயிடமிருந்து பெற்றவள். மூன்றாமவள் வணிகர் வீட்டுப்பெண். கணக்கிலும் நூலறிவிலும் தேர்ந்தவள். கொட்டகுடி ஆற்றின் சுனை ஒன்று வற்றிவருவதை அவர்கள் காண்கின்றனர். அச்சுனையைக் காத்துவந்த சூரரமகளிர் ஆடுவதை நிறுத்திவிட்டனர் என்பது கதையின் மாயம். அவர்களை மீண்டும் ஆடவைக்க வேண்டுமெனில் மலையில் வாழும் உயிர்களின் பெயர்களை அறிந்து சொல்லவேண்டும் என்பது விதி.

ஒருத்தியால் எல்லாப் பெயரையும் சொல்ல இயலாது. பளியர் சிறுமிக்கு மரங்கள் தெரியும். தொழிலாளியின் மகளுக்குச் செடியும் பூச்சியும் தெரியும். வணிகர் மகளுக்கு அவற்றை எழுதி வைக்கத் தெரியும். ஊரில் ஒரே திண்ணையில் அமர்ந்திராத மூவரும் மலையில் ஒருவரையொருவர் நம்பியே நடக்கவேண்டும். இக்கதையில் நட்பு அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. நட்பின்றிச் சுனை ஊறாது.

இதனைப் பகற்கனவு என்று ஒதுக்கமுடியாது. 1974-ஆம் ஆண்டு மார்ச்சு 26 அன்று இமயமலைச் சிற்றூராகிய ரேணியில் மரம் வெட்டுவோர் வந்தபோது ஊரின் ஆடவர் வெளியே சென்றிருந்தனர். வெட்டுவோர் வருவதைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து சொல்ல, கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் காட்டிற்குச் சென்று மரங்களைக் காத்துநின்றனர். வெட்ட வந்தவர் திரும்பிச் சென்றனர். சிப்கோ இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்வு இது. சிறுமியின் ஓட்டமும் மகளிரின் ஒற்றுமையும் ஒரு காட்டைக் காத்தது கற்பனையன்று.

மறுப்பும் விடையும்

மாயக்கதை மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று கேட்போர் உண்டு. கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. மூடநம்பிக்கை, தீமைக்கெல்லாம் காரணம் பிறரிடம் உள்ள மறைவான ஆற்றல் என்று சொல்லிப் பழிவாங்கத் தூண்டுகிறது. நல்ல மாயக்கதை, ஆற்றல் உன்னிடம் உள்ளது, அதற்கு நீயே பொறுப்பு என்று சொல்கிறது. முன்னது ஆராய்வதைத் தடுக்கிறது. பின்னது உற்றுநோக்கப் பழக்குகிறது. துடைப்பத்தில் பறக்க முடியாது என்பது பத்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அக்குழந்தை கதையிலிருந்து எடுத்துக்கொள்வது துடைப்பத்தை அன்று, துணிவை.

அறிவியல் பாடம் இருக்கக் கதை எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. காடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. எனினும் அறிந்தவர் அனைவரும் காப்பவராகிவிடவில்லை. முன்னோர் காலத்தில் அணங்கின்மேல் கொண்ட அச்சம் சில சோலைகளைக் காத்தது. அந்த அச்சம் இன்று தேய்ந்துவிட்டது. அது மீளவும் வேண்டியதில்லை. அச்சம் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருந்தால் அங்கே பேராசை குடியேறும். அவ்விடத்தில் உறவை அமர்த்துவது கதையின் வேலை. அறிவியலும் கதையும் எதிரிகள் அல்ல. தேனீயும் பூவும் போன்றவை.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது தொடக்கப்பள்ளியில் பயின்ற சிறார், 2030-இல் அது மீண்டும் பூக்கும்போது வாக்களிப்போராகவும் தொழில் செய்வோராகவும் இருப்பர். மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்யும் நாற்காலிகளிலும் அவர்களுள் சிலர் அமர்வர். அவர்களுடைய இளமையில் அம்மலையைப் பற்றி என்ன கதை சொல்லப்பட்டது என்பது அம்முடிவில் தெரியும். தமிழில் அக்கதைகள் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். அவற்றை எழுதுவதற்கு மலையடி ஊர்களின் மாணவரைவிடத் தகுதியுடையோர் குறைவு. ஜீப்பிலிருந்து இறங்கி வீடு திரும்பும் தாயிடம், இன்று தோட்டத்தில் என்ன பூத்தது, எந்தப் பறவை கூவியது என்று கேட்பதே அக்கதையின் முதல் வரியாக அமையலாம்.